பின்சக்கரத்தை ஒட்டி வந்தவன்

அனைத்துப் புனிதர் பெருவிழா அன்று காலை, செலே ஆற்றங்கரையில் பழைய மாவு ஆலைக்குப் பக்கத்தில் நானும் கயேத்தானும் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சாமந்திப் பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போவார்கள். ஒதிலும் தொட்டியோடுதான் வந்தாள். ஆனால் அதை முதுகுப்பையில் வைத்துக் கட்டியிருந்தாள். கையில் உருட்டிக்கொண்டு வந்தது சில்வேரின் சைக்கிள்.

அதைப் பார்த்ததும் கயேத்தானின் கை பம்பிலேயே நின்றுவிட்டது.

“அவன் விழுந்த இடத்துக்கு நான் போகணும்” என்றாள் ஒதில். “கார்ல இல்ல. அவன் போன மாதிரியே போகணும். கூட்டிட்டுப் போறீங்களா, இல்ல நானே போய்க்கட்டுமா?”

“ரோடு ஈரமா இருக்கு ஒதில். கொஞ்சம் வெயில் வரட்டும்” என்றான் கயேத்தான்.

“நவம்பர்ல இந்தப் பள்ளத்தாக்குல வெயிலுக்குக் காத்திருந்தா ஈஸ்டர் வந்துடும்” என்றேன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நான் லூசியேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். எங்கள் சைக்கிள் சங்கத்தில் எப்போதும் கடைசியாக வந்து சேருகிறவன் நான்தான், அதில் எனக்குப் போட்டியே கிடையாது. கயேத்தான் வீட்டுக் கூரைகளுக்கு ஓடு வேய்கிறவன். ஐம்பதைத் தாண்டியும் மேட்டில் அவனைப் பிடிக்க ஆள் இல்லை. சில்வேர் அவனுடைய உயிர்த் தோழன், ஒதிலின் கணவன். போன வருஷம் இதே பெருவிழா அன்று இருவரும் சைக்கிளில் போனார்கள். ரோக்வியேல் ஊரின் நுழைவில் இருக்கும் கல்பாலத்தில் சில்வேர் விழுந்து, கைப்பிடிச் சுவரில் தலை மோதி, அங்கேயே போய்விட்டான்.

‘நான் ரொம்ப முன்னால போயிட்டேன், பின்னால சத்தமே கேட்கலையேன்னு திரும்பி வந்து பார்த்தேன்’ என்று கயேத்தான் போலீசிடம் சொன்னான். தனியாக வந்தவன் ஏதோ நினைப்பில் ரோட்டைக் கவனிக்காமல் விட்டிருக்கிறான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம்.

அது என்ன நினைப்பு என்பது ஒதிலுக்குத் தெரியும். அன்று காலை வீட்டில் சண்டை. பண்டிகை நாளில் கூடவா சைக்கிள் என்று கேட்டவள், கோபத்தில் “போறதுன்னா ஒரேயடியா போயிடு” என்று கதவைச் சாத்தியிருக்கிறாள். இதை என்னிடம் சொல்லி அழுதாள், கயேத்தானிடமும் சொல்லி அழுதாள். வாராவாரம் அவள் வீட்டில் சூப் குடித்துவிட்டு வருகிறவன் கயேத்தான். அவள் வீட்டுக் கூரையைக் கூலி வாங்காமல் மாற்றிக் கொடுத்தான். எவ்வளவு நல்ல மனுஷன் என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன்.

கிளம்பும் முன் ஒதிலுக்கு நான் பாடம் எடுத்தேன்.

“முன்னால போறவன் சக்கரத்தை ஒட்டியே வா. காத்து பூரா அவன் மேல அடிக்கும், உனக்கு அடிக்காது. ஆனா ஒண்ணு, ரோடு உனக்குத் தெரியாது. அவன் கைதான் உன் கண்ணு. பள்ளம் வந்தா கையைக் கீழ நீட்டுவான். நம்பி அப்படியே விலகிடணும்.”

“அவன் நீட்டலைன்னா?”

“நீட்டாம எப்படி? ஊர்ப்பலகை தெரியிற வரைக்கும் நாங்க எல்லாம் யோக்கியனுங்க. பலகை தெரிஞ்சா மட்டும் அண்ணன் தம்பி கிடையாது. யாரு முதல்ல தாண்டுறாங்களோ அவங்களுக்கு மத்தவன் காபி வாங்கணும்.”

நான் சிரித்தேன். கயேத்தான் சிரிக்கவில்லை.

கயேத்தான் முன்னால், நடுவில் ஒதில், கடைசியில் வழக்கம்போல நான். ஆற்றின் மேலிருந்து பனிமூட்டம் எழுந்து ரோட்டை மூடியிருந்தது. அழுகிய வாதுமை இலையின் நாற்றமும் சேற்று வாடையும் கலந்து வந்தன. ஒரு பக்கம் செங்குத்தான பாறை. நூறாண்டுப் போர்க் காலத்தில் பாறை இடுக்கில் கட்டிய கோட்டைச் சுவர் மேலே எங்கோ இருந்தது, அதன் ஜன்னல் ஓட்டைகள் மட்டும் பனியில் கறுப்பாகத் தெரிந்தன. கூரை இடிந்த மடாலயத்தைத் தாண்டும்போது எங்கள் செயின் சத்தம் அந்தச் சுவர்களில் பட்டுத் திரும்பி வந்தது. போனது மூன்று பேர், திரும்பி வந்த சத்தம் அதைவிட நெரிசலாக இருந்தது. எதிரொலி அப்படித்தான் இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கயேத்தான் கையை நீட்டிக்கொண்டே போனான். பள்ளத்துக்கு நீட்டினான், ஈர இலைக்கு நீட்டினான், ஒரு நத்தைக்குக் கூட நீட்டினான். ஒரு வருஷமாகவே அவன் இப்படித்தான். சங்கத்தில் அவனுக்கு ‘டிராஃபிக் போலீஸ்’ என்று பேர் வைத்திருந்தோம்.

“கயேத்தான், உன் சக்கரத்துத் தண்ணி என் முகத்துல அடிக்குது!” என்று ஒதில் கத்தினாள்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் அவன் சக்கரத்தைப் பார்த்தேன். அவன் பின்சக்கரத்துக்கு முழு நீள மட்கார்டு உண்டு. அதிலிருந்து ஒரு சொட்டு பின்னால் வராது. போதாததற்கு அவன் ஒதிலுக்கு ஒரு கார் நீளம் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

ஒதில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியிலிருந்து மார்பு வரை ஒரு நேர்க்கோடாகச் சேறு தெறித்திருந்தது.

“காத்தே இல்ல லூசியேன். யாரோ எதிர்ல கதவைச் சாத்தி வச்ச மாதிரி இருக்கு. இவ்வளவு சுலபமாவா இருக்கும்?”

இருக்காது. ஒரு கார் நீளம் தள்ளிப் போனால் எதிர்காற்று முகத்தில் அறையும். ஆயுசு பூரா அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓட்டியவன் நான், இது எனக்குத் தெரியாதா?

ரோட்டைப் பார்த்தேன். ஈரத்தில் கயேத்தானின் டயர் ஒரு கோடு போட்டிருந்தது.

அதை ஒட்டி இன்னொரு கோடு இருந்தது.

ஒதிலின் சக்கரம் இன்னும் போய்ச் சேராத இடத்தில், அந்தக் கோடு தானாக நீண்டுகொண்டே போனது. நேராக இல்லை. இடது பக்கம் லேசாக ஒடித்து ஒடித்துப் போனது. அப்படி ஓட்டுகிறவன் எங்கள் சங்கத்தில் ஒருவன்தான் இருந்தான்.

நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்க வேண்டும், பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

பனிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ரோக்வியேல் ஊர்ப்பலகை. அதைத் தாண்டியதும் பாலம்.

கயேத்தான் சீட்டை விட்டு எழுந்தான். யாரும் போட்டிக்குக் கூப்பிடவில்லை, ஆனாலும் வெறி பிடித்தவன் போல மிதிக்க ஆரம்பித்தான்.

“ஒட்டாதே” என்று அவன் முனகியது கேட்டது. “டேய், ஒட்டாதேடா.”

அவனுக்கும் ஒதிலுக்கும் நடுவிலிருந்த வெற்று இடத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

“லூசியேன்!” ஒதிலின் குரல் கீச்சிட்டது. “நான் மிதிக்கவே இல்ல. இழுத்துட்டுப் போகுது!”

அவள் கால்கள் அசையாமல் நின்றன. சைக்கிள் பறந்தது. நான் உயிரைக் கொடுத்து மிதித்தும் பின்தங்கினேன்.

பலகை போயிற்று.

பாலம் வந்தது. அதன் வாயில் கல் பெயர்ந்து ஒரு பள்ளம் இருந்தது. போன வருஷமே தார் போட்டு அடைத்தார்கள், மழை மறுபடியும் தோண்டிவிட்டிருந்தது. கயேத்தான் அதைப் பார்த்தான், சுற்றிப் போக அவன் தோள் ஒரு பக்கம் சாய்ந்ததை நான் பார்த்தேன். கை மட்டும் ஹேண்டில்பாரை விட்டு வரவில்லை.

நத்தைக்கு நீட்டிய கை.

“கயேத்தான், கை!” என்று நான் அலறினேன்.

அவன் சைக்கிளோடு குறுக்கே சாய்ந்து விழுந்தான். “பள்ளம்! ஒதில், பள்ளம்!” என்று கத்திக்கொண்டே விழுந்தான். ஒதில் பிரேக்கை அழுத்தி, காலை ஊன்றி, பள்ளத்தின் விளிம்பில் நின்றாள்.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தேன்.

“அடிபட்டுச்சா?” என்று ஒதில் அவனிடம் குனிந்தாள். அவன் முழங்கையில் ரத்தம். அவள் நீட்டிய கையை அவன் பிடிக்கவில்லை.

“அன்னைக்கு சில்வேர் தனியா வரல” என்றான். “என் சக்கரத்தை ஒட்டித்தான் வந்தான். ‘என்ன கிழவா, தூங்கிட்டியா’ன்னு பின்னாலேர்ந்து கிண்டல் பண்ணிக்கிட்டே வந்தான். பலகைக்கு முன்னாடியே இந்தப் பள்ளத்தைப் பார்த்துட்டேன். கையை எடுத்தா வேகம் போயிடும், அவன் முந்திடுவான். அதனால எடுக்கல. ஒரு காபிக்காக எடுக்கல ஒதில். உங்க சண்டைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அவன் சிரிச்சுக்கிட்டுதான் வந்தான்.”

ஒதில் முதுகுப்பையை அவிழ்த்து, சாமந்தித் தொட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்தாள். காற்றுக்கு விழாதபடி ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். பிறகுதான் திரும்பினாள்.

“ஒரு வருஷம் கயேத்தான். தினம் ராத்திரி அவன் போட்டோகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேன். நீ எனக்கு எதிர்ல உக்காந்து சூப்பு குடிச்சே. உப்பு பத்தலைன்னு சொன்னே.”

“மன்னிச்சுடுன்னு கேட்க எனக்கு வாய் இல்ல.”

“என்கிட்ட கேட்காதே” என்றாள். “கேட்க வேண்டியவன்கிட்ட கேளு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல மனுஷன் என்று சான்றிதழ் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதே சமயம், பொல்லாத மனசு, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அது போய்விடும் என்று நினைத்தேன்.

வந்த வழியே திரும்ப ஒதிலுக்கு மனமில்லை. பாலத்தைத் தாண்டி மேட்டுநிலத்துக்கு ஏறும் ரோட்டைப் பிடித்தோம். செங்குத்தான ஏற்றம். பழகாத கால், இவள் பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவாள் என்று நினைத்தேன். ஒதிலோ நூல் பிடித்தது போல ஏறிப் போய்ப் பனிக்குள் மறைந்தாள்.

எனக்கு முன்னால் கயேத்தான் திணறிக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைக்க மிதிக்கிறான், சைக்கிள் அங்குலம் அங்குலமாக நகர்கிறது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக மேட்டில் அவனைத் தாண்டினேன். கேலி பண்ண வாய் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

உச்சியில் பனி இல்லை. வெயில் அடித்தது. ஒதில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள், அழுத கண், ஆனால் முகம் தெளிந்திருந்தது.

“ரொம்ப நன்றி லூசியேன். முதுகுல கையை வச்சு மேல வரைக்கும் தள்ளி விட்டியே. இல்லைன்னா நான் செத்திருப்பேன்.”

திணறுகிறவர்களை அப்படித் தள்ளி விடுவது எங்கள் சங்கத்து வழக்கம்தான். ஆனால் நான் இப்போதுதான் நாக்குத் தள்ள வந்து சேருகிறேன். அதை அவளும் அப்போதுதான் கவனித்தாள். மெதுவாகத் தன் இடுப்புக்கு மேலே தொட்டுப் பார்த்தாள்.

“கதகதப்பா இருந்துச்சு” என்றாள் தணிந்த குரலில்.

வெகு நேரம் கழித்துக் கயேத்தான் வந்தான். உதடு வெளுத்திருந்தது.

“போயிட்டானா?” என்று என்னைக் கேட்டான். “பாரு லூசியேன், எனக்குத் திரும்பிப் பார்க்கப் பயமா இருக்கு. போயிட்டானா?”

சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு எங்களைத் தாண்டி இரண்டு எட்டு நடந்தான். காற்று துளியும் இல்லை. அவன் சட்டையின் பின்பக்கம் முதுகை விட்டு விலகி, ஒரு கைப்பிடி அளவு கசங்கி, பின்னால் இழுபட்டு விறைத்து நின்றது. அவன் நடக்க நடக்க அதுவும் கூடவே வந்தது.

“போயிட்டான்” என்றேன்.