பள்ளத்தாக்கில் ரயில் நின்றது

காலையில் எழுந்ததும் அறைகளுக்குக் காற்றைத் திறந்துவிடுவதுதான் கிளாராவின் முதல் வேலை. செவ்வாய்க் கிரகத்தின் பெரும்பள்ளத்தாக்கு விளிம்பில் இருந்த அவளது விடுதியில் பன்னிரண்டு அறைகள். இப்போது ஒன்றுக்கு மட்டுமே திறந்தாள். அதில் அவளும் கணவர் சவரிமுத்துவும் இருந்தார்கள்.

முன்பெல்லாம் தலைநகரிலிருந்து சுரங்க நகருக்குப் போகிறவர்கள் மணலூர்தியில் வந்து இங்கே ஓர் இரவு தங்கிப் போவார்கள். காந்தத்தில் மிதந்து ஓடும் விரைவு ரயில் வந்தபின் ஊர்திகள் நின்றுபோயின. ரயிலோ கண் இமைப்பதற்குள் விடுதியைக் கடந்துவிடும்.

ஆள் வராத விடுதிக்குக் காற்று கிடையாது என்பது குடியேற்ற நிர்வாகத்தின் விதி. கிளாரா அலையாய் அலைந்து ஒரு சோதனை நிறுத்தம் வாங்கியிருந்தாள். இன்று ரயில் நிற்கும். பயணிகளில் பாதிப்பேர் இறங்கினால் நிறுத்தம் நிரந்தரம். இல்லையென்றால் காற்றுக் குழாயை மூடிவிடுவார்கள்.

எல்லா அறைகளிலும் புது விரிப்பு போட்டாள். பாசி மாவில் இடியாப்பம் அவித்து வைத்தாள்.

ரயில் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. மேடையையும் ரயிலையும் இணைக்கும் மடிப்புக் குழாயில் ஒரு சீறல். சிவப்பு விளக்கு எரிந்தது.

"காத்து கசியுதும்மா! அடைக்கலேன்னா கதவு தெறக்காது, வண்டி கெளம்பிரும்" என்றார், இறங்குகிறவர்களை எண்ண மேடைக்கு வந்திருந்த சுற்றுலா அதிகாரி பரஞ்சோதி.

சவரிமுத்து முகமூடியை மாட்டிக்கொண்டு குழாய்க்குள் ஓடினார். கிளாராவும் முகமூடி மாட்டி, பசைப்பட்டையோடு பின்னாலேயே போனாள்.

"நீ வராதட்டி! கிழிஞ்சா ரெண்டு பேரும் போயிருவோம்!"

"பேசாம இழுத்துப் பிடிங்க!"

பட்டையை ஒட்டி, இருவரும் முதுகைக் கொடுத்து அழுத்தினார்கள். சீறல் அடங்கியது. மறுபடி எழுந்தது. கிளாராவின் விரல்கள் குளிரில் மரத்துப்போயின. ஒருவழியாக விளக்கு பச்சையானது.

கதவு திறந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் தயங்கி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மொத்த ரயிலும் இறங்கியது. கிளாரா ஓடிப்போய் விடுதிக் கதவைத் திறந்துவிட்டாள்.

விடுதியின் கண்ணாடிக் கூடத்தில், பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ரயிலின் மணி ஒலித்தது. ஒருவர் மிச்சமில்லாமல் ஏறிப் போய்விட்டார்கள்.

"ஜெயிச்சிட்டீங்கம்மா! நிறுத்தம் நிரந்தரம்" என்றார் பரஞ்சோதி.

"தங்க ஒருத்தரும் வரலியே சார்?"

"எதுக்குத் தங்கணும்? பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போயிரலாமே. கூடத்துக்குக் காத்து வரும். உங்க அறை போக மத்ததெல்லாம் மூடிருங்க."

கூட்டம் நாளுக்கு நாள் பெருகியது. படம் எடுத்தவர்களை நகர்த்தி அடுத்தவர்களுக்கு இடம் பண்ணும் வேலையை நிர்வாகம் கிளாராவுக்கே கொடுத்தது.

மறு ஆண்டு அவளுக்கு விடுமுறையும் இருவருக்கும் இலவசப் பயணச்சீட்டும் கிடைத்தன. சவரிமுத்துவுக்கு வடதுருவப் பனிக்குகைகளைப் பார்க்க ஆசை. அங்கே விடுதி நடத்தும் பிலோமினாவைத் திரையில் அழைத்தார்.

"வாங்கண்ணே, அக்காவையும் கூட்டிட்டு வாங்க. ராத்திரி தங்கினாத்தான் பனி நீலமா ஒளிர்றதப் பாக்க முடியும். ஊர்தி நானே அனுப்புறேன். இங்க ஆள் வந்தே ரொம்ப நாளாச்சு."

சவரிமுத்து மனைவியைப் பார்த்தார். அவள் ரயில் வரைபடத்தில் கண்ணாக இருந்தாள்.

"ஊர்தியில போயி ஒத்த எடத்தப் பாத்துட்டு வாறதுக்கா லீவு? ரயில்னா ஒரே நாள்ல அஞ்சு எடம் பாத்துரலாம்."

பிறகு திரையின் பக்கம் திரும்பி அன்பாகச் சொன்னாள்: "அங்கயும் ரயில் விடட்டும் தங்கச்சி. கண்டிப்பா வாறோம். வந்துட்டு ஒடனே கெளம்பிருவோம்."