முடிச்சுக்கு மேல் முடிச்சு

பயந்த நாய்களைப் பழக்கும் டீச்சர் மத்தியானம் வந்து கதவைத் தட்டினார். தையல்காரர் திறந்ததும் டீச்சரின் கண் நேராகக் குளியலறைக் கதவுக்குப் போனது. சாத்தியிருந்த கதவின் அடிப்பாகம் முழுக்க நகக்கீறல். இரண்டு மூன்று இடங்களில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எல்லாம் இவன் வேலையா?"

"ஆமாங்க. பேருதான் தடியன். இடி இடிச்சா எலிக்குஞ்சு."

தையல் மெஷினுக்கு அடியில் கிடந்த பெரிய கறுப்பு நாய் வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது. போன இடிக்கு ஜன்னல் வழியாகத் தெருவில் குதித்து, லாரிச் சக்கரத்தில் மாட்டாமல் மயிரிழையில் தப்பியது. இன்னொரு தடவை தப்பாது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவருக்கென்று மிச்சமிருந்தது தடியன் மட்டும்தான்.

டீச்சர் போனில் இடிச் சத்தத்தைக் கேட்டும் கேட்காததுமாக வைத்து, ஒவ்வொரு இடி உறுமலுக்கும் தடியனுக்கு ஒரு கறித்துண்டு கொடுத்தார்.

"தினமும் இப்படிப் பண்ணுங்க. அவசரப்பட்டு சத்தத்தை ஏத்திடாதீங்க. முன்னாடி இவனை யாரு பார்த்துக்கிட்டது?"

"என் வீட்டுக்காரி."

இடி கேட்டால் அவள் தடியனைக் குளியலறைக்குள் கூட்டிப்போவாள். குழாயைத் திறந்துவிடுவாள். பழைய சால்வை ஒன்றை இரண்டாகக் கிழித்து வைத்திருந்தாள். ஒன்று துவைக்கப் போனால் இன்னொன்று. அதை நாயின் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டி, தலையை மடியில் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருப்பாள். அவள்மேல் எப்போதும் தலைவலித் தைல வாசனை அடிக்கும். அவள் போடும் முடிச்சுதான் கண்றாவி. முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டு உருண்டையாக்கி வைப்பாள். "தையல்காரன் பொண்டாட்டி போடுற முடிச்சா இது?" என்று இவர் கேலி செய்வார். அவள் செத்த பிறகு, அளவெடுத்து அழகாக ஒரு நாய்ச்சட்டையே தைத்துப் போட்டார். தடியன் அதை நார் நாராகக் கிழித்துவிட்டது.

"அந்தச் சால்வை இருக்கா?"

அலமாரியிலிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்துக் கொடுத்தார். டீச்சர் முகர்ந்து பார்த்தார். சோப்பு வாசனை.

"துவைச்சிட்டீங்களா?"

"அவ போன மறுநாளே. அந்த வாசனையில என்னால இருக்க முடியல."

டீச்சர் பெருமூச்சு விட்டார். "அந்தக் கதவை மட்டும் சாத்தாதீங்க. அவன் ஒளியிற இடம் அது" என்று சொல்லி, அதைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன கொஞ்ச நேரத்திலேயே வானம் கறுத்தது. மின்சாரம் போனது. பட்டப்பகலில் வீட்டுக்குள் கண்ணுக்கு முன்னால் நீட்டிய கை தெரியவில்லை.

முதல் இடி.

தடியன் குளியலறைக்குள் பாய்ந்தது. தையல்காரர் சால்வைத் துண்டுகளோடு பின்னால் ஓடி, வாசற்படியில் தடுக்கி விழுந்தார். துண்டுகள் இருட்டில் எங்கோ போயின. உள்ளே நாய் இரைத்து இரைத்துச் சுவரைப் பிறாண்டியது.

குழாய் திறந்துகொண்டது.

பிறாண்டல் நின்றது.

தைலம் மணத்தது.

"ஒண்ணுமில்லடா... போயிடும்..."

மின்னல் வெட்டியது. தடியன் கண்ணை மூடிப் படுத்திருந்தது. நெஞ்சைச் சுற்றிச் சால்வை. நாயின் தலை தரையில் இல்லை. ஒரு மடி உயரத்தில், வெறும் காற்றின் மேல் சாய்ந்திருந்தது.

தையல்காரர் அலறியிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவனுக்காக வந்துட்டே. இத்தனை நாளா நான் ஒத்தையில கிடக்கேனே, எனக்காக ஒரு தடவை வரணும்னு தோணலையா உனக்கு?"

படியிலேயே சுருண்டு, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். இடி இடித்துக்கொண்டே இருந்தது.

மழை விட்டு வெளிச்சம் வந்தபோது குழாய் மூடியிருந்தது. தடியன் குறட்டை விட்டுத் தூங்கியது. இன்னொரு துண்டைத் தரையெல்லாம் தேடினார். காணவில்லை.

எழுந்து மூச்சை இழுத்தார். நெஞ்சு இறுக்கிப் பிடித்தது.

கையைப் பின்னால் வளைத்துத் தடவினார். நடுமுதுகில், விரல் நுனிக்கு எட்டியும் எட்டாமலும், உருண்டையாக ஒரு முடிச்சு. அதற்கு மேல் இன்னொன்று.