நொதிகள் தொடாத சரடு

கல்யாண வரவேற்பில் சந்தனம், கற்கண்டுக்குப் பக்கத்தில் தண்மிக் குப்பியும் வைப்பது வழக்கமாகிவிட்டது. மூக்கில் ஒரு முறை பீய்ச்சிக்கொண்டால் போதும். அடுத்தவர் நகையைப் பார்த்தோ மருமகளைப் பார்த்தோ வயிறு எரியாது. ஆனால் அரை மணி நேரம்தான். அதற்குள் உடம்பின் நொதிகள் தண்மி என்ற அந்தச் சின்னப் புரதச் சரட்டைத் துண்டு துண்டாக வெட்டிவிடும்.

தண்மியைக் கண்டுபிடித்தவள் ரெஜினா. அதை நிலைக்கச் செய்தவள், அவளிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த உமையாள். சரட்டின் முதுகெலும்பில், கார்பன் அணுக்களில் தொங்கிய கிளைகளைக் கழற்றி அடுத்திருந்த நைட்ரஜன்களில் மாட்டினாள். அவ்வளவுதான். மூளை அதைப் பழைய சரடாகவே ஏற்றுக்கொண்டது. நொதிகளுக்கு மட்டும் எங்கே வெட்டுவதென்று தெரியவில்லை. இனி ஒரே ஊசி, ஆயுளுக்கும் போதும்.

பத்திரிகைப் படங்களில் உமையாள் நடுவில் நின்றாள். ரெஜினா ஓரத்தில் பாதித் தோளாக வந்திருந்தாள். உமையாள் பக்கத்து மேசையில் சிரித்தால்கூட ரெஜினாவுக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் மண்டையை உடைத்தும் எனக்குத் தோன்றாதது, இவளுக்கு எப்படித் தோன்றியது?

அந்த எரிச்சல்தான் அவளை எலிக்கூடத்துக்கு விரட்டியது. ஆய்வகத்தில் மற்ற எல்லோரும், உமையாள் உட்பட, ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். தப்புத் தேடியவள் ரெஜினா ஒருத்திதான். தப்பு கிடைத்தது. ஊசி போட்ட வயதான எலிகளின் சிறுநீரகங்களில், வெட்டுப்படாத சரடுகள் சாம்பல் நிறத் திட்டுகளாகப் படிந்திருந்தன.

இயக்குநர் கோதண்டபாணியிடம் அந்தத் திட்டுகளின் படங்களைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"ரெஜினா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு எவ்வளவு கடுப்புன்னு எல்லாருக்கும் தெரியும்."

"கடுப்பு இருக்கு சார். இல்லேன்னு சொல்லல. திட்டும் இருக்குல்ல?"

"அப்ப நீங்களும் ஊசி போட்டுக்கங்க. அதுக்கப்புறமும் இதையே சொன்னீங்கன்னா, மருந்து வெளியீட்டை நானே நிறுத்திடறேன்."

திட்டு எங்கே போய்விடும் என்று நினைத்தாள் ரெஜினா. ஒரு ஊசியால் உடனே உயிர் போய்விடாது. உமையாள் எல்லோர் முன்னாலும் தலைகுனிவதைப் பார்க்க அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கையை நீட்டினாள்.

மறுநாள் காலை அதே படங்களை மேசையில் விரித்தாள். திட்டுகள் அதே இடத்தில் இருந்தன. நன்றாகவே தெரிந்தன. ஆனால் உமையாள் எவ்வளவு கெட்டிக்காரி! இதையெல்லாம் பார்க்காமலா விட்டிருப்பாள்?

இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்டாள். "உமா, இந்தத் திட்டு... நீ பார்த்துட்டதானே?"

உமையாள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"நீங்க பார்த்தாச்சுல்லக்கா? அப்புறம் நான் என்ன தனியா பார்க்கணும்?"

ரெஜினாவுக்கு அது நியாயமாகவே பட்டது. இயக்குநர் அறைக்குப் போய், ஆட்சேபணை எதுவும் இல்லை என்று சொன்னாள்.

அன்று மாலையே எல்லா மாவட்டங்களுக்கும் பெட்டிகள் கிளம்பின. கெட்டுப்போகாத மருந்து என்பதால் பனிக்கட்டிகூட வைக்கவில்லை.