நூற்றொன்றாவது பில்

பாதை நகரவில்லை.

கிண்ணியாத் துறையின் காலை நேரத்துப் பாதை அது. ஆட்கள், சைக்கிள்கள், ஒரு லொறி, இரண்டு ஆடுகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குக் கிளம்ப வேண்டிய பெரிய மிதவை. கயிற்றில் எதுவோ சிக்கி, அசைய மறுத்தது.

"மரக்குத்தியாக்கும்... இழுத்துப் பாருங்கடா!"

இழுத்தார்கள்.

மரக்குத்தி சட்டை போட்டிருந்தது!

"அல்லாஹ்வே... இது நம்மட ஸெய்னுதீன்!"

குறிஞ்சாக்கேணி ஸெய்னுதீன். திருகோணமலை டவுனில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், இரத்தினசிங்கம் முதலாளியின் கப்பல் சாமான் கடையில் கொம்பியூட்டர் பார்த்தவன். பின்மண்டை பிளந்திருந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். அந்த நாளில் அந்தக் கடலில் மிதந்த பிணத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. 'யுத்தம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். கொலைகாரர்களுக்கு அதைவிட வசதியான காலம் ஏது?

பொலிஸ் வந்தது. வாக்குமூலம் எழுதியது. மனைவி ரபீக்கா இத்தாவில் இருந்தாள். புருஷன் மௌத்தாகி நாலு மாசம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதனால் அவளிடம் விசாரிக்க ஒரு பெண் பொலிஸை அனுப்பினார்கள்.

இரத்தினசிங்கம்தான் எல்லோரையும் விட அதிகமாக அழுதார்.

"மத்தியானச் சாப்பாட்டோட வெளிக்கிட்டவன் ஐயா! பிறகு நான் தனியத்தான் இருந்து பின்னேரம் வரைக்கும் பில் அடிச்சனான். இந்தாங்கோ, பில்லெல்லாம் இருக்கு. நேரமும் அதிலேயே விழுந்திருக்கு!"

பில்கள் இருந்தன. நேரமும் இருந்தது. பொலிஸ் தலையாட்டியது.

ரபீக்கா தலையாட்டவில்லை. அழவும் இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

யார்?

* * *

இருபது நாள் கழிந்து, மூன்றாவது கிழமை. வெயில் ஏறிய காலை.

வாசலில் இரத்தினசிங்கம்! கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முகத்தில் கவலை. அந்தக் கவலை மட்டும் நிஜம்.

ஸெய்னுதீனின் அக்கா நஜ்முன் நிஸா கதிரை போட்டாள். பிளேன்டீயும் வெற்றிலைத் தட்டமும் வைத்தாள். எதிரே அறை வாசலில் தடித்த பச்சைத் திரை தொங்கியது. திரைக்கு உள்ளே ரபீக்கா.

"தங்கச்சி... சுகமா இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன் முதலாளி. சொல்லுங்க."

"ஸெய்னுதீன் எனக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி..."

"ஓம். வந்த விஷயத்தைச் சொல்லுங்க."

தொண்டையைச் செருமினார்.

"கடைக் கொம்பியூட்டர் திறக்குதில்லை தங்கச்சி. சிங்கப்பூர்க் கப்பல்ல கழிச்சு விட்ட பழைய ஹார்ட் டிஸ்க் அது. ஸெய்னுதீன் ஒரு டிரைவர் எழுதித்தான் அதுக்கு உயிர் குடுத்தவன். வெள்ளிக்கிழமை கொழும்பில இருந்து பெரிய கொம்பனிக்காரர் வருகினம், அந்த டிரைவரை வாங்க. இப்ப பார்த்து இப்பிடி..."

"டிரைவரை விக்கப் போறீங்களா? அவர் எழுதினதெண்டு சொல்லியா?"

"அது... கடையிட பேரில..."

"உங்கட பேரில."

திரை அசையவில்லை.

"பங்கு தருவன் தங்கச்சி! அவன் உங்களிட்ட ஏதும் சொல்லியிருப்பான். நீங்களும் பேராதனை யூனிவர்சிட்டியில படிச்சனீங்கள்தானே?"

"டிரைவர் என்ன செய்யிறதெண்டு தெரியுமா முதலாளி?"

"கொம்பியூட்டரையும் டிஸ்க்கையும் கதைக்க வைக்கிற சாமான்..."

"ஓம். ஒவ்வொரு பில்லையும் டிஸ்க்கில எழுத முதல், அது மெமரியில கொஞ்ச இடம் எடுக்கும். குசினியில சட்டி எடுக்கிற மாதிரி. எழுதி முடிஞ்சா சட்டியைக் கழுவித் திருப்பி வைக்கோணும்."

"வைக்காட்டி?"

"ஒவ்வொரு பில்லுக்கும் புதுச் சட்டி. கடைசியில குசினியில சட்டியே இரிக்காது. சமையல் நிண்டிடும்."

"அதுதான்! அதேதான் தங்கச்சி!" இரத்தினசிங்கம் கதிரை நுனிக்கு வந்தார். "நூறு பில் அடிச்சா கல்லு மாதிரி நிக்கும்! ஒவ்வொரு நாளும் உதே கரைச்சல்தான்!"

"நிப்பாட்டித் திரும்பப் போட்டா சட்டியெல்லாம் வந்திடும். திரும்ப நூறு பில் போகும்."

"ஓம், ஆனா போடேக்க ஒரு சொல் கேக்குது. அதை அடிக்காட்டி டிஸ்க் திறக்காது. அவன் ஒருத்தருக்கும் சொல்லமாட்டான். முதுகால மறைச்சுக்கொண்டு தானே அடிப்பான்!"

"அப்ப உங்களுக்குச் சொல் தெரியாது?"

பிளேன்டீக் கோப்பையைக் கையில் எடுத்தார்.

டொக்டரிடம் போனால் நோயை மறைக்கக் கூடாது என்று யாரோ அவருக்குச் சின்ன வயதில் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாவம், அதை இப்போதா நினைக்க வேண்டும்!

"ஒண்டு தெரியும் தங்கச்சி. கடைசியா அவன் அடிக்கேக்க தோளுக்கு மேலால பாத்துட்டன். அதையேதான் அடிச்சு அடிச்சுப் பாக்கிறன். திறக்குதில்லை!"

"என்ன சொல்?"

"கட்டைபறிச்சான்."

திரைக்கு உள்ளே ஒரு மூச்சுச் சத்தம். அவ்வளவுதான். ஆனால் அந்த மூச்சில் மூன்று கிழமையாக அடக்கி வைத்த எல்லாமே இருந்தது.

"வடிவாத் தெரியுமா முதலாளி? கட்டைபறிச்சான்தானா?"

"சத்தியமா! ஒவ்வொரு எழுத்தா அடிச்சவன். நான் கண்ணால பாத்தனான்!"

"அது திறக்காது. ஒரு சொல் ஒருக்காத்தான் வேலை செய்யும். ஒவ்வொரு தரமும் அடுத்த ஊர். இந்தக் குடாவைச் சுத்தியிருக்கிற ஊரெல்லாம் வரிசையா வரும்."

"அட கள்ளா..." என்று சிரித்தார். செத்தவனைத் திட்டியதை உணர்ந்து உடனே இருமினார். "அப்ப அடுத்த ஊர் என்ன தங்கச்சி?"

"சொல்றன். அதுக்கு முதல் ஒரு விஷயம். அவர் மௌத்தான அண்டைக்குக் காலமை, இதே வீட்டில, சாப்பிடேக்க என்னட்டச் சொன்னவர். 'இண்டைக்கு மூதூர்ல துவங்குது புள்ள' எண்டு."

"அதுக்கென்ன?"

"காலமை கடை திறக்கேக்க அடிச்ச சொல், மூதூர். மூதூருக்கு அடுத்ததுதான் கட்டைபறிச்சான். அதை எப்ப அடிப்பாங்க முதலாளி?"

பிளேன்டீக் கோப்பை பாதி வழியில் நின்றது.

"சட்டி முடிஞ்சு கொம்பியூட்டர் பெட்டி நிண்டாப் பிறகுதான் அடிப்பாங்க. நூறு பில்லுக்குப் பிறகு. பொலிஸிட்டக் குடுத்த பில்லுகளில நூற்றொன்றாவது பில்லில என்ன நேரம் விழுந்திருக்கு தெரியுமா? பின்னேரம் நாலரை!"

இரத்தினசிங்கம் கதிரையைப் பின்னுக்கு நகர்த்தினார்.

"மத்தியானமே வெளிக்கிட்டுப் போன மனுசன், பின்னேரம் நாலரைக்கு உங்களுக்கு முன்னால இருந்து எப்பிடிக் கட்டைபறிச்சான் எண்டு அடிச்சவர்? உங்கட தோள் அவ்வளவு நீளமா முதலாளி?"

"அ... அது வேற நாள்... நான் மாறிச் சொல்லிப்போட்டன்..."

"வேற நாள் இல்லை. ஒரு மாசமா நாங்க ரெண்டு பேரும் ஊருகளை வரிசையாக் கொண்டு வாறம். கட்டைபறிச்சான் அண்டைக்குத்தான் முதல் முதலா வந்தது. அண்டைக்கே முடிஞ்சும் போச்சு. அதை அறிஞ்சவங்க இந்த உலகத்தில மூண்டு பேர். ஒருத்தர் கபுறுக்குள்ள. ஒருத்தி திரைக்குள்ள."

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"மற்றவன் எனக்கு முன்னால இருந்து பிளேன்டீ குடிக்கிறான்!"

கோப்பை தரையில் விழுந்து சிதறியது!

இரத்தினசிங்கம் எழுந்தார். வாசலைப் பார்த்தார். தெரு ஒழுங்கையில் ஆள் இல்லை. வீட்டில் ஆண் வாடையே இல்லை. இத்தா வீடு! எந்த ஆண் வரப் போகிறான்? இரண்டு பெண்கள்... ஒரு திரை...

வரும் வழியில் சோதனைச் சாவடிகளில் உடம்பெல்லாம் தடவிப் பார்த்திருந்தார்கள். கையில் ஆயுதம் இல்லை.

தட்டத்தில் பாக்குவெட்டி இருந்தது. எடுத்தார்!

"முதலாளி! என்ன செய்யிறீங்க!" நஜ்முன் நிஸா அலறினாள்.

"பேசாமல் நில்லடி! இவளின்ர புருஷனும் இப்பிடித்தான் வாய் காட்டினவன்! 'டிரைவரில என்ர பேர் போடாட்டி கொழும்புக்காரரிட்டச் சொல்லுவன்' எண்டு நிண்டவன்! சொல்லைப் பாத்த உடனே இரும்புக் கம்பியால ஒண்டு... ஒரேயொரு அடி! இறங்குதுறையில இருந்து கடலுக்க தள்ளிவிட்டன். ஊரே யுத்தம் எண்டு சொல்லிச்சுது. உன்னையும் அப்பிடித்தான் சொல்லும்!"

பாய்ந்தார். அந்த ஊரில் எந்த ஆணும் தொடத் துணியாத திரையை, வெறி பிடித்தவராக இழுத்துக் கிழித்தார்!

கிழிந்த திரைக்கு அந்தப் பக்கம்...

காக்கிச் சீருடை!

நெற்றிக்கு நேரே ரிவோல்வர்!

"வாங்கோ இரத்தினசிங்கம்," என்றாள் சார்ஜன்ட் அன்னலட்சுமி. "கொஞ்சம் மெல்லமாச் சொல்லியிருக்கலாம். 'இரும்புக் கம்பி' எண்ட இடத்தில எழுதக் கை பிந்திப் போச்சு."

பாக்குவெட்டி கீழே விழுந்தது.

"இ... இது இத்தா வீடு... பொலிஸ் எப்பிடி..."

"இத்தா வீட்டுக்கு ஆம்பிளைதானே வரக் கூடாது? என்னைப் பாத்தா ஆம்பிளை மாதிரியோ கிடக்கு?"

அன்னலட்சுமிக்குப் பின்னால், அறையின் மூலையில், வெள்ளைச் சேலையால் முகத்தை மூடியபடி ரபீக்கா உட்கார்ந்திருந்தாள். கண்களை மட்டும் மூட மறந்திருந்தாள். இல்லை, மறக்கவில்லை. அவன் கையில் விலங்கு விழுவதைப் பார்க்க அவளுக்கு அவை தேவைப்பட்டன.

"விசாரிக்க வந்த முதல் நாளே இவ என்னட்டக் கேட்ட ஒரே கேள்வி, 'அண்டைக்கு மொத்தம் எத்தனை பில்?'," என்றாள் அன்னலட்சுமி விலங்கைப் பூட்டிக்கொண்டே. "நூறைத் தாண்டினது, நூற்றொன்றாவது நாலரைக்கு எண்டு சொன்னன். 'அப்ப முதலாளி பொய் சொல்றார். அடுத்த சொல்லைத் தேடி இஞ்சதான் வருவார், காத்திருங்க' எண்டு சொன்னவ. நாலு நாளா இந்த அறையிலதான் எனக்குச் சாப்பாடு. நல்ல மீன் ஆணம்!"

இரத்தினசிங்கம் ரபீக்காவை வெறித்தார். கடைசியாக ஒரு நப்பாசை அவருக்குள் நெளிந்தது.

"செத்தவன் மூளைக்காரன்தான்... மெமரியைத் திருப்பிக் குடுக்க மறந்து போனான். அந்த ஒரு பிழை இல்லாட்டி அது இலட்சக்கணக்கில போயிருக்கும்..."

"அவர் மறக்கல்ல," என்றாள் ரபீக்கா.

"என்ன?"

"நீங்க களவெடுப்பீங்க எண்டு தெரிஞ்சுதான் வேணுமெண்டு திருப்பிக் குடுக்காமல் விட்டது. அவர் இல்லாமல் உங்களுக்கு ஒரு நாளும் ஓடக் கூடாதெண்டு. மற்றது முதலாளி... நீங்க ஆள் மாறி அடிச்சிட்டீங்க."

"ஆள் மாறியா?"

"அவருக்குப் பில் அடிக்கவும் பெட்டியை நிப்பாட்டிப் போடவும்தான் தெரியும். அந்த டிரைவரை எழுதினது நான்!"

வாங்கிய உயிர் வீண். எழுதிய கை மூன்று கிழமையாக இந்தத் திரைக்குள்ளேயே இருந்திருக்கிறது!

அன்னலட்சுமி அவரை வாசல் பக்கம் தள்ளினாள். நஜ்முன் நிஸா வாழைப்பழச் சீப்பை எடுத்து அவர் காலடியில் எறிந்தாள். ஒழுங்கையில் ஊர் கூடத் தொடங்கியிருந்தது.

வாசல் படலையில் ஒரு கணம் நின்று திரும்பினார்.

"நாலு மாசம் அடைஞ்சு கிடக்க வேண்டியவள்... ஒரு அடி வெளிய வைக்காமல் என்னைப் பிடிச்சுப்போட்டாளே!"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எனக்கு உள்ள இருக்கிறது நாலு மாசம் பத்து நாள்தான் முதலாளி. உங்களுக்கு எவ்வளவெண்டு நீதவான் ஐயா சொல்லுவார்!"