மொத்தம் முப்பத்தெட்டு

சாமான் பட்டியலின் அடியில் மொத்தம் முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரர் இரண்டு முறை எண்ணிவிட்டார். வீட்டில் முப்பத்தேழுதான் இருந்தன.

அவர் முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது என்று மனைவி கேலி செய்வாள். ஆனாலும் அன்றைக்கு அவர் விட்டுவிடத்தான் பார்த்தார். ஆறு வருட வழக்கு முடிந்து வீடு கைக்கு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வாளியோ கரண்டியோ குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்.

மதியம் இரண்டு மணிக்கு, வீட்டை மீட்டு ஒப்படைக்கும் நீதிமன்ற ஊழியரான அமீனா, சாட்சிக்கு இரண்டு பேரையும் பூட்டு உடைக்கிறவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். குடியிருந்த தையல் மிஷின் மெக்கானிக் அங்கே இல்லை. இரண்டு நாள் முன்பே கையில் ஒரு பையோடு கிளம்பிவிட்டதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். ஆறு வருடமாகத் வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தடித்தவன், கடைசித் தீர்ப்பு வந்த அன்று மட்டும் வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனான். வீட்டுக்காரருக்கு அது அப்போதே ஒரு மாதிரி இருந்தது. வந்தவரை லாபம் என்று வக்கீல் சிரித்தார்.

குடியிருந்தவன் விட்டுப்போன சாமான்களை அமீனா அறை அறையாகப் போய் உரக்கச் சொல்லி எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் "சரிதானே?" என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர் "ஆமா" சொல்ல வேண்டும். உரியவன் வந்து வாங்கிக்கொள்கிறவரை அத்தனையும் அவர் பொறுப்பு. அதுதான் முறை. அவரோ வாசலில் நின்று புதுப் பூட்டு கதவில் சரியாக உட்காரவில்லை என்று பூட்டுக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்து குரல் வந்தபோதெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ஆமா, ஆமா" என்று கத்தினார். கடைசியில் காகிதத்தை நீட்டியதும் அமீனாவின் முதுகிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஊரார் எழுத்தையெல்லாம் வரி வரியாகப் படித்த மனிதர், அந்த ஒரு காகிதத்தைப் படிக்கவில்லை.

அவசரத்துக்குக் காரணம் மனைவி. முழங்கால் இரண்டும் போய், வாடகைக்கு இருந்த மூன்றாவது மாடி வீட்டில் இரண்டு வருடமாகத் தரையை மிதிக்காமல் கிடக்கிறாள். இந்த வீட்டுக்கு மாடி ஏற வேண்டியதில்லை, வாசலில் நான்கு படிதான். ஜன்னலைத் திறந்தால் தெருவைப் பார்க்கலாம், நாலு பேரோடு பேசலாம். ஆறு மணிக்கு மைத்துனன் அவளைச் சக்கர நாற்காலியோடு வேனில் கொண்டுவருவதாக ஏற்பாடு. மாலைக்குள் ஆள் இறங்கிவிடுவதாகச் சொல்லி, மாடி வீட்டுச் சாவியைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

அதற்குள் ஒரு தரம் பெருக்கிவிடலாம் என்று உள்ளறைக்குள் போனார். வீடு முழுக்க இருந்த வாடை அங்கேதான் கெட்டியாக இருந்தது. தைலமும், காயாத துணியும், நெடுநாள் படுத்துக் கிடக்கிறவர்களின் தலையணையிலிருந்து வருகிற அந்தப் புளித்த நெடியும் சேர்ந்து தொண்டையில் வந்து உட்கார்ந்தன. ஒரு இரும்புக் கட்டில், கிழிந்த மெத்தை, ஸ்டூலின் மேல் ஒரு மேசை விசிறி. மெத்தையை உருட்டி வைக்கலாம் என்று கையை வைத்தவர் எடுத்துவிட்டார்.

மெத்தை சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பிறகுதான் அந்த அறையின் ஒரே ஜன்னல் பலகை வைத்து அடைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தார். மெத்தையில் இரண்டு பள்ளம். தலைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. விசிறியின் இறக்கை மெல்லச் சுற்றி, நின்றது. வீட்டில் மின்சாரத்தைத் துண்டித்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

அவர் கூடத்துக்கு வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பட்டியலை விரித்தார். தொழில் பழக்கத்தில் விரலை வரிக்கு அடியில் வைத்து, ஒவ்வொன்றாகப் படித்தார். குடம் இரண்டு. வாளி ஒன்று. பெண்கள் செருப்பு ஒரு ஜோடி. விரல் இருபத்துமூன்றாவது வரிக்கு வந்தது. கிழிந்த மெத்தை ஒன்று.

இருபத்துநான்கு: மேற்படி மெத்தையில் படுத்திருக்கும் வயதான பெண்மணி ஒன்று.

திரும்பப் படித்தார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அமீனாவைத் தொலைபேசியில் பிடித்தார்.

"அந்தக் கட்டில்ல இருந்த அம்மாவா? எழுதினேனே சார்."

"ஆளை எப்படிங்க சாமானோட எழுதுவீங்க?"

"நான் என்ன பண்றது? வெளிய வாங்கம்மான்னு மூணு தடவ கூப்பிட்டேன். 'வீட்டுக்காரர் பாத்துப்பார், எழுதிக்கோ'ன்னாங்க. அங்க இருந்தே உங்களக் கேட்டேன், இவங்க உங்க பொறுப்புல இருக்கட்டுமான்னு. ஆமா, எல்லாத்துக்கும் ஆமா, சீக்கிரம் முடிங்கன்னீங்க. சாட்சி ரெண்டு பேரும் கேட்டாங்க."

"இங்க யாருமே இல்லையே!"

"அப்ப ஒண்ணு குறையுதுன்னு எழுதிக் குடுங்க சார். ஆனா பொறுப்பு உங்களோடது."

வீட்டுக்காரர் இணைப்பைத் துண்டித்தார். மெக்கானிக்கின் எண்ணை அழுத்தினார். ஆறு வருடமாக ஒரு தடவைகூட எடுக்காதவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா சார்?"

"போட்டேன். உங்க அம்மாவ இங்க விட்டுட்டுப் போனீங்களா? என்ன மனுஷன்யா நீ?"

அவன் அழுதான். துக்கத்தில் அழுகிற மாதிரி இல்லை. நாள்கணக்காகச் சுமந்ததைக் கீழே இறக்கிவைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது.

"எங்கம்மா செத்து ஆறு வருஷம் ஆச்சு சார். ஏன் காலி பண்ணலன்னு கோர்ட்ல கேட்டீங்களே, என்னன்னு சொல்வேன்? எந்த ஊருக்குப் போனாலும் முன்னாடியே வந்து கட்டில்ல படுத்திருக்கும். 'என்னை யார் பொறுப்புல விட்டுட்டுப் போற?'ன்னு கேக்கும். யாராவது வாயால ஏத்துக்கணும் சார். அதுவா பாத்து ஏத்துக்க வைக்கும்."

"என்ன உளறல் இது?"

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. பொழுது சாயற நேரத்துல எல்லாம் இருக்கான்னு எண்ணும். சரிதானேன்னு கேக்கும். பதில் சொல்லிடாதீங்க. ஆமான்னா, எண்ணினது அதுக்குச் சொந்தமாயிடும். என் பொண்டாட்டி ஒரு நாள் ஆமான்னு சொல்லிட்டா." அவன் மூக்கை உறிஞ்சினான். "அவ எங்கேன்னு நீங்க ஒருநாளும் கேக்கலையே சார்."

தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தபோது எடுக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு அந்தப் பெண் ஞாபகம் வந்தாள். குடிவந்த அன்று, சுவரில் ஒரு ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டவள். பிறகு வழக்கு விஷயமாக எத்தனை தரம் வாசலில் வந்து சத்தம் போட்டும் அவளைப் பார்த்ததில்லை. கோபித்துக்கொண்டு பிறந்தவீடு போயிருப்பாள் என்று நினைத்திருந்தார். வாசற்படிக்குப் பின்னால் அந்த ஒரு ஜோடி செருப்பு, கால் நுழைக்கத் தயாராக, வெளியே பார்த்தபடி கிடந்தது.

மைத்துனனுக்குப் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மூன்று மாடி, ஆளும் நாற்காலியுமாக இறக்குகிறவன் கையில் தொலைபேசி எங்கே இருக்கும்? வாசலுக்கு ஓடினார். தெருமுனையில் வேன் திரும்பிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு வேண்டாம், திருப்பு, திருப்பு!"

"என்ன அத்தான், விளையாடறீங்களா?" மைத்துனனுக்குச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. "திருப்பி எங்க கொண்டுபோறது? சாவியக் குடுத்தாச்சு."

மனைவி நாற்காலியிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்து வருடக்கணக்காகிறது. "ஏங்க, நம்ம வீட்டு வாசல்ல நிக்கவெச்சு என்ன பேச்சு? உள்ள கூட்டிட்டுப் போங்க."

மைத்துனனும் வேன் ஓட்டுநரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியை நான்கு படி தூக்கி, கூடத்தில் வைத்தார்கள். அங்கே கீழே இறக்கிவைத்திருந்த தட்டுமுட்டுச் சாமானை ஏற்றிவர இருவரும் வேனில் திரும்பிப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார்களாம். அந்தப் படிகளில் நாற்காலியைத் தனியாளாக இறக்க அவரால் முடியாது. எதிர்வீட்டுக் கதவைப் போய்த் தட்டினார், அடுத்த வீட்டையும் தட்டினார். யாரும் திறக்கவில்லை. ஆறு வருடம் பக்கத்தில் இருந்தவர்களுக்கு எந்த நேரத்தில் கதவைத் திறக்கக்கூடாது என்று தெரிந்திருக்கும்.

ஓடி வந்தார். ஜன்னல் வெளிச்சம் தரையிலிருந்து மேலேறி, சுவரில் ஒரு கோடாகி, மங்கிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றினார். உள்ளறைக் கதவைச் சாத்தி ஸ்டூலை முட்டுக்கொடுத்தார். பிறகுதான் அது விசிறி இருந்த ஸ்டூல் என்பதும், அதை அவர் அறைக்குள்ளிருந்து எடுத்து வரவில்லை என்பதும் உறைத்தது.

"என்ன ஆச்சு உங்களுக்கு? முகமெல்லாம் வெளுத்துப்போச்சு."

"ஒண்ணுமில்ல. யார் என்ன கேட்டாலும் நீ வாயத் திறக்காத. என்னமாவது பேசிட்டே இருப்போம். நம்ம கல்யாணத்துல உங்க சித்தப்பா..."

"வாயத் திறக்காம எப்படிங்க பேசறது?" என்று அவள் சிரித்தாள்.

அப்போது கட்டில் முனகியது. உடம்பைத் திருப்பி, கையூன்றி, எழுந்து உட்காருகிற சத்தம். தைல வாடை கதவிடுக்கு வழியாக வந்தது.

"குடம் ரெண்டு." நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல். "சரிதானே?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். குரல் காத்திருந்தது.

"வாளி ஒண்ணு. சரிதானே?"

"இன்னும் ஆளுங்க போகலையா?" மனைவி கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். "யாரு அந்தம்மா? சாமான் எழுத வந்தவங்களா?"

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஸ்டூல் தரையில் உரசிக்கொண்டு நகர்ந்தது. கதவு திறந்தது. உள்ளே இருட்டு. மெழுகுவர்த்தி வெளிச்சம் உள்ளறை நிலைப்படியைத் தாண்டவில்லை.

"செருப்பு ஒரு ஜோடி. சரிதானே?"

"பாவம், எத்தன தடவ கேக்கறாங்க. ஒரு பதில் சொன்னா என்ன?"

அவர் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். எதற்கும் கை ஓங்காத மனிதர் இப்படிச் செய்ததும் அவள் திகைத்தாள். அவர் உள்ளங்கையில் அவள் மூச்சு பட்டது. விளக்கிச் சொல்லவும் பயந்தார். எந்தச் சொல் எதற்குப் பதிலாகிவிடும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"சக்கர நாற்காலி ஒண்ணு."

அது பட்டியலில் இல்லை.

"அதுல உக்காந்திருக்கற பொம்பள ஒண்ணு."

குரல் இப்போது அருகில். உள்ளறை நிலைப்படியில்.

"சரிதானே?"

மனைவி அவர் கையைத் தட்டிவிட்டாள். இரண்டு வருடம் மூன்றாவது மாடியில் பேச ஆளில்லாமல் கிடந்தவள். யாராவது கேட்டால் பதில் சொல்வதற்கு அத்தனை ஆசை அவளுக்கு.

"ஆமாம்மா," என்றாள், சிரித்துக்கொண்டே.

மெழுகுவர்த்தி அணைந்தது. இருட்டில் அவர் நாற்காலியின் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். சக்கரங்கள் மெல்ல, அவர் பிடியையும் மீறி, உள்ளறைப் பக்கம் உருண்டன. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பக்கத்தில் இன்னொருவர் படுக்க, யாரோ சுவரோரமாகத் தள்ளிப் படுத்து இடம் விட்டார்கள்.