குன்றுச் சண்டையும் மேவிஸின் தேர்தலும்

மேவிஸ் லுண்ட்தான் அந்தப் பள்ளியின் மாணவர் தலைவர். ஆனால் குளிர்காலம் வந்தபோது, பள்ளியில் பாதிப் பேருக்கு அது மறந்தே போயிருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டோடு சாக்லேட் பால் வாங்கித் தருவேன் என்று சொல்லித்தான் அவள் ஜெயித்தாள். ஜெயித்த மறுநாளே சமையலறைக்குப் போய்க் கேட்டாள். "அதெல்லாம் நடக்காது கண்ணு" என்று சொல்லிவிட்டு, சமையல்காரம்மா சூப்பைக் கிண்டப் போய்விட்டார்.

"தலைவரம்மா, பால் எங்க? மாடு மேயப் போயிருக்கா?" என்று தினமும் சாப்பாட்டு வரிசையில் கேட்பான் ஹார்லன். பிப்ரவரியில் மறுபடி தேர்தல். அவளை எதிர்த்து நிற்கப்போவது அவன்தான்.

மேவிஸின் நண்பன் டெஸ்மண்ட் அவளுக்காக ஓட்டு நிலவரம் பார்த்து வந்தான். சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே நின்று, "மேவிஸுக்குப் போடறவங்க கை தூக்குங்க!" என்று கத்துவான். ஒருமுறை ஒருத்தி கையைத் தூக்கினாள். அவளும் கெட்சப் கேட்கத்தான் தூக்கியிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஊர் நடுவே இருக்கும் குன்றில் இவர்கள் கட்டிய பனிக்கோட்டையை, ஏரிக்கரைப் பள்ளிப் பிள்ளைகள் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்களாம்.

சாப்பாட்டுக் கூடமே கொதித்தது. மேவிஸுக்கும் ரத்தம் சூடேறியது. அவள் மேசை மேல் ஏறினாள்.

"நம்ம கோட்டைய இடிச்சவங்களச் சும்மா விடப்போறோமா?"

"விடமாட்டோம்!"

"அப்போ இன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் குன்றுக்கு வாங்க!"

கைதட்டலில் தட்டுகள் குலுங்கின. அன்று மாலை பனிப்பந்துகள் பறந்தன. ஏரிக்கரைப் பிள்ளைகள் எதிர்பார்க்கவே இல்லை. அடி வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

மறுநாள் நடைக்கூடத்தில் போகிறவர்கள் எல்லாம் மேவிஸின் கையில் கை தட்டிவிட்டுப் போனார்கள். டெஸ்மண்ட் நிலவரம் கேட்டபோது மேசைக்கு மேசை கைகள் எழும்பின.

"பெரிய தேர்தல்லயும் இப்படித்தானாம்" என்றான் டெஸ்மண்ட். "சண்டைன்னு வந்துட்டா ஜனங்க எல்லாரும் ஜனாதிபதி பின்னாடி வந்து நின்னுக்குவாங்களாம். எங்கப்பா சொன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன ஆகும்னு அப்பா சொல்லல. போன் வந்துருச்சு."

மேவிஸுக்கு அந்தக் கைதட்டல் ரொம்பப் பிடித்திருந்தது. பாலைப் பற்றி இப்போது யாருமே கேட்பதில்லை.

ஆனால் ஏரிக்கரைப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இவர்கள் மறுபடி போனார்கள். அவர்கள் மறுபடி வந்தார்கள். ஜனவரி முழுவதும் இதே கதைதான். வீடுகளில் ஈரக் கையுறைகள் காயவே இல்லை. மேவிஸின் அம்மா, "ஹீட்டர் மேல இனி ஒரு சாக்ஸ் போடக்கூட இடமில்ல. உங்க சண்டை எப்பத்தான் முடியும்?" என்று கேட்டார். குன்றைத் தாண்டி வீட்டுக்குப் போகும் சின்னப் பிள்ளைகள் அடிக்குப் பயந்து சுற்றுவழியில் போனார்கள். ஒருவனுக்கு மூக்கில் அடிபட்டு வீங்கியது.

கைகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின.

"எங்கப்பாகிட்ட மிச்சத்தையும் கேட்டேன்" என்றான் டெஸ்மண்ட், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "சண்டை இழுத்துக்கிட்டே போனா ஜனங்களுக்குச் சலிச்சுப் போயிருமாம். ஓட்டும் போயிருமாம்."

"அப்போ நிறுத்திரலாமா?"

"ஐயோ, நிறுத்தினா ஹார்லன் உன்னைக் கோழைன்னு சொல்லுவான். இப்பவே 'நான் வந்தா ரெண்டே நாள்ல முடிச்சுக் காட்டறேன்'னு சொல்லிட்டுத் திரியறான். தேர்தலுக்கு முன்னாடி பெருசா ஒரு தாக்குதல் நடத்து மேவிஸ். ஜெயிச்சா ஓட்டெல்லாம் நமக்குத்தான்!"

எங்கிருந்து தாக்கலாம் என்று பார்க்க, அன்று மாலை மேவிஸ் தனியாகக் குன்றுக்குப் போனாள். பைன் மரத்துக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. அவள் பனிப்பந்தை ஓங்கினாள்.

"அடிக்காதீங்க! நான் சும்மா சறுக்கத்தான் வந்தேன்!"

ஒரு குட்டிப் பையன் இரண்டு கைகளையும் தூக்கியபடி வெளியே வந்தான். ஏரிக்கரைப் பள்ளித் தொப்பி. பக்கத்தில் சறுக்குப்பலகை. கையுறை இல்லாத விரல்கள் சிவந்து போயிருந்தன.

மேவிஸ் பந்தைக் கீழே போட்டாள். தன் கையுறைகளைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டாள்.

"உன் பேரென்ன?"

"பிம். சண்டை முடிஞ்சிருச்சா? எனக்குப் பிறந்தநாளுக்குக் கொடுத்த பலகை. ஒருதடவகூடச் சறுக்கல."

அப்போதுதான் மேவிஸுக்கு உறைத்தது. சண்டை தொடங்கியதிலிருந்து அவளும் சறுக்கவில்லை. யாருமே சறுக்கவில்லை. ஊரிலேயே நல்ல குன்று சும்மா கிடந்தது.

"உட்காரு, தள்ளிவிடறேன்" என்றாள்.

பிம் கூவிக்கொண்டே கீழே போனான். அடிவாரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்த ஒரு பெண்ணின் காலடியில் போய் நின்றான். அவன் அக்கா ரோவீனா. ஏரிக்கரைப் பள்ளியின் மாணவர் தலைவர்.

மேவிஸும் கீழே இறங்கி வந்தாள். இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

"எதுக்கு எங்க கோட்டைய இடிச்சீங்க?" என்றாள் மேவிஸ்.

"அது எங்க சறுக்குப் பாதைக்கு நடுவுல இருந்துச்சு. எங்க பசங்க ரெண்டு பேரு அதுல மோதிட்டாங்க."

"வந்து சொல்லியிருந்தா நகர்த்திக் கட்டியிருப்போமே!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ மேசை மேல ஏறிட்டியாமே."

மேவிஸுக்குக் காது சூடானது. "நீ மட்டும் சண்டைய நிறுத்தினியா?"

"எப்படி நிறுத்தறது? எனக்கும் அடுத்த வாரம் தேர்தல்!"

மேவிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோவீனாவும் சிரித்தாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் பிம்மும் சிரித்தான்.

"எனக்கு ஓட்டு போனாப் போகட்டும்" என்றாள் மேவிஸ். "நாளைக்கு நான் நிறுத்தச் சொல்லப் போறேன்."

"சரி. நானும் சொல்றேன்" என்றாள் ரோவீனா.

மறுநாள் தேர்தல் பேச்சு. மேவிஸ் மேசை மேல் ஏறவில்லை. எல்லாரையும் போலத் தரையில் நின்றே பேசினாள்.

"இந்த வருஷம் குன்றுல சறுக்கினவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"முதல்ல நான் போய்க் கேட்டிருக்கணும். கேக்காம உங்களச் சண்டைக்குக் கூப்பிட்டேன். நீங்க கை தட்டினது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான் விடாம நடத்தினேன். இன்னையோட நிறுத்திக்கலாம். கோட்டைய ஓரமா கட்டுவோம். சறுக்கற பாதை எல்லாருக்கும் பொது."

"கோழை!" என்று கத்தினான் ஹார்லன். "எனக்கு ஓட்டுப் போடுங்க, நான் ஜெயிச்சுக் காட்டறேன்!" பலர் கை தட்டினார்கள்.

அடுத்த வார ஓட்டெடுப்பில் மேவிஸ் தோற்றாள். கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான், ஆனால் தோற்றாள்.

"ரோவீனா ஜெயிச்சுட்டாளாம்" என்று வந்து சொன்னான் டெஸ்மண்ட். "இது என்ன நியாயம்?"

மேவிஸுக்குக் கண் கரித்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பலகைய எடுத்துட்டு வா" என்றாள். "போலாம்."

திங்கட்கிழமை மாலை, புதிய தலைவர் ஹார்லன் குன்றின் உச்சியில் நின்று, "எல்லாரும் வாங்க! தாக்குவோம்!" என்று முழங்கினான்.

யாரும் வரவில்லை. அவனுக்கு ஓட்டுப் போட்டவர்கள்கூட வரவில்லை. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் சறுக்கக் காத்திருந்தார்கள்.

"டேய், தொண்டை கட்டிக்கப் போகுது" என்று யாரோ சொன்னார்கள்.

ஹார்லன் பனிப்பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மேவிஸின் முறை வந்தது. அவள் பலகையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் முன்னால் நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏறிக்கோ, தலைவரே."

ஹார்லன் அங்குமிங்கும் பார்த்தான். பந்தைக் கீழே போட்டுவிட்டு ஏறிக்கொண்டான். டெஸ்மண்ட் பின்னாலிருந்து தள்ளினான்.

"மேவிஸ், இத எப்படி நிறுத்தறது?" என்று கத்தினான் ஹார்லன்.

"நிறுத்த முடியாது, கெட்டியாப் பிடிச்சுக்கோ!" என்றாள் மேவிஸ். பலகை காற்றைக் கிழித்துக்கொண்டு கீழே பறந்தது.