நாலாவது முடிச்சு

கயிறு ஈரமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பழைய வலைக்கயிறு. அதன் நாலாவது முடிச்சை நேற்றிரவுதான் ரேச்சல் மீன் வெட்டும் கத்தியால் அறுத்துக் குப்பையில் போட்டிருந்தாள். இப்போது தடவிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. தூக்கக் கலக்கம் என்று சொல்லிக்கொண்டாள். நேற்றைய மீனை இன்றைய மீனென்று யார் தலையிலும் கட்டிவிடுகிறவளுக்கு, அந்தப் பொய்யைத் தன் தலையில் கட்டத் தெரியவில்லை.

நெட்டுக்குப்பத்து அம்மாக்கள் வாரத்துக்கு ஒருத்தியாகப் பிள்ளைகளைப் பள்ளி பஸ்ஸுக்குக் கூட்டிப்போவார்கள். மார்கழிப் பனியும் அனல்மின் நிலையப் புகையும் கலந்துவிட்டால் மெயின் ரோட்டில் கண்டெய்னர் லாரி மூக்குக்கு முன்னால் வந்தபிறகுதான் தெரியும். அதனால்தான் கயிறு. பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க, பிள்ளைக்கு ஒரு முடிச்சு. டிரைவர் பீம்ராவோ எதிர்ப்பக்கம்தான் நிறுத்துவான். ஏலத்தில் வஞ்சிரத்தையே பாதி விலைக்குப் படியவைக்கும் ரேச்சல், அவனிடம் வண்டி நிற்க ஒரு நிமிடம் கேட்டு அரை நிமிடத்துக்குப் படிந்தாள்.

"ஆர்ன் அட்ச்சா ஓடியாந்துடணும். இது இன்னா உன் மாமியா வூட்டு வண்டியா, நின்னுகினே கீறதுக்கு?"

நாற்பது நாளைக்கு முன்னால், அந்த அரை நிமிடத்தில்தான் கயிறு கனத்தது. முதல் முடிச்சில், தன் கைக்குப் பக்கத்தில், மகன் நெல்சனை வைத்திருந்தாள். அடுத்து இரட்டையர் அஃப்ரித், அத்னான். கடைசியில் எல்லாரிலும் சின்னவள், பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசாவின் மகள் ஹஃப்சா.

"ஆண்ட்டி, ஷூ கழண்டுச்சு."

ஆர்ன் அடித்தது. "வா வா, பஸ்ஸு பூடும்" என்று ரேச்சல் திரும்பாமலே வெடுக்கென்று இழுத்தாள். கயிறு லேசானது. அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடாவை அவள் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தை தானாகக் கயிற்றை விட்டுவிட்டு லாரியில் மாட்டிக்கொண்டது என்றாள். குப்பமே நம்பியது. பெற்றவளும்.

இன்று மறுபடி ரேச்சலின் முறை. ரஹீமுன்னிசாவே வாசலுக்கு வந்தாள். "நீயே இட்டுகினு போ, ரேச்சலு. உன் மேல இன்னா தப்பு? எத்தினி தபா சொன்னேன், கயித்த வுடாதேன்னு. சொல்பேச்சு கேக்காத பொண்ணு" என்று செத்த மகளைத் திட்டிவிட்டுத் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ரேச்சல் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள்.

கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, நெல்சனை முதல் முடிச்சில் பிடிக்கவைத்து, உப்பங்கழிச் சேற்று வாடையும் கரிந்த வாடையும் தொண்டையில் இறங்க, புகைக்குள் எங்கோ லாரிகள் முக்கி முனகுவதைக் காதால் அளந்தபடி, பின்னால் மூன்று ஜோடி ஷூக்கள் சரளையில் தேயும் சத்தத்தை எண்ணிக்கொண்டே ரோட்டில் இறங்கினாள்.

மூன்று ஜோடி. பிறகு மூன்றரை. ஒரு கால் ஷூவோடு. ஒரு கால் வெறுங்காலாக.

நடு ரோட்டில் கயிறு கனத்தது.

எதிர்ப்பக்கம் ஆர்ன்.

இழுக்க மாட்டேன். இந்தத் தடவை இழுக்கவே மாட்டேன்.

"நெல்சா, அம்மா கையப் புட்ச்சுக்கோடா."

பக்கத்து விரல்கள் அவள் கையைப் பற்றின. ஈரம். ஐஸ் பெட்டி மீனின் குளிர்ச்சி. நெல்சன் விரலைவிடச் சின்னது. நகத்தில் மருதாணி.

கயிற்றின் கடைசியிலிருந்து, புகைக்குள்ளிருந்து, நெல்சன் கூப்பிட்டான்.

"அம்மா, ஷூ கழண்டுச்சு."

ரேச்சல் திரும்ப முயன்றாள். மணிக்கட்டில் கயிறு இறுகியது. புகையில் இரண்டு மஞ்சள் வட்டங்கள். பெரிதாகிக்கொண்டு.

"நீ வுடலம்மா" என்று கத்தினாள். "ஹஃப்சா, நான்தான் இழுத்தேன். நான்தான்மா. உங்கம்மாகிட்ட சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்."

அந்தக் குட்டிக் கை முதல் முடிச்சை இறுக்கிப் பிடித்தது.

"வாங்க ஆண்ட்டி. பஸ்ஸு பூடும்."

வெடுக்கென்று ஓர் இழுப்பு.

கயிறு லேசானது.